வீட்டு முத்தத்துல (முற்றத்துல) என்ன வைக்கலாம்? வாசகர் கேள்வியும் நம்மட பதிலும்

போன மாசம் கடப்படிப் (வளவுக்குள்ள நுழையிற வாசல்) பந்தலப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினதுதான், அதுக்குப் பிறகு வந்த கடிதத்தையும் வட்ஸ்அப் வொய்சையும் வாசிச்சு கேட்டு முடிக்கவே எனக்கு ஒரு கிழமை போயிட்டு. 36 வருசம் வீட்டுப் பிளான் கீறின கை எண்டதால சனம் என்னட்ட வீட்டப் பத்தித்தான் கேட்கும் எண்டு நினைச்சன், எல்லாரும் வீட்டச் சுத்தியிருக்கிற வளவப் பத்தித்தான் கேட்கிறாங்க. ஒரே மாதிரி வந்தத சேர்த்திட்டன். சிலருக்கு நீளமா பதில் வரும் சிலருக்கு ரெண்டு வரிதான், கோவிக்க வேணாம்.

கேள்வி (கல்லடி, ஒரு தங்கச்சி): அண்ணன், எங்கட வீட்டுல இருந்து கடல் அஞ்சு நிமிச நடை. முன் வளவுல பேஸ்புக்ல காட்டுற மாதிரி கறுப்புக் கலர் இரும்புப் பேர்கோலா (சட்டப் பந்தல்) ஒண்டு போட்டு மேல போகன்விலா படர விட சரியான ஆசை. வெல்டிங் கடையில பொக்ஸ்பார்ல செய்து தாறம், நல்ல பெயின்ட் அடிச்சா ஒண்டும் ஆகாது எண்டு சொல்றாங்க. ஆனா பக்கத்து வீட்டு கேட் போட்டு ரெண்டு வருசம்தான், கீழ்ப்பக்கம் பொடிப்பொடியா உதிருது. என்ன செய்ற?

பதில்: உங்களுக்கு பக்கத்து வீட்டு கேட்டே பதில் சொல்லிட்டுது தங்கச்சி. அந்த வெல்டிங்காரரிட்ட ஒண்டே ஒண்டு கேளுங்க, பொக்ஸ்பாருக்கு உள்பக்கம் எப்பிடி பெயின்ட் அடிக்கிற எண்டு. அவர் சிரிப்பார். வெளியால நாலு தரம் அடிச்சாலும் உள்ளுக்கு அது வெறும் கறுப்பு இரும்புக் குழல், வெல்டிங் பிடிச்ச இடத்துல ஊசிக்கண் அளவு ஓட்டை இருந்தாலே காணும் உப்புக்காத்தும் ஈரமும் உள்ளுக்குப் போய் இருந்து தின்னத் தொடங்கும், நம்மளுக்கு வெளியால தெரியிற நேரம் உள்ளுக்கு ஒண்டும் மிஞ்சி இருக்காது. கேட் எப்பவும் கீழால உதிர்றதுக்கும் அதுதான் காரணம், உள்ளுக்குப் போன தண்ணி கீழ போய்த்தானே நிக்கும்.

இரும்புதான் வேணும் எண்டு நிண்டா ஜீஐ பைப் எடுங்க, அது உள்ளயும் வெளியயும் நாகம் (சிங்க்) பூசினது. ஆனா அதுலயும் ஒரு சங்கதி இரிக்கு, வெல்டிங் பிடிக்கிற சூட்டுல அந்த இடத்து நாகம் எரிஞ்சு போயிடும், அதால ஒவ்வொரு பொருத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு சிங்க் பெயின்ட் ரெண்டு தரம் அடிச்சிட்டுத்தான் மற்ற பெயின்டே அடிக்க வேணும். பக்கத்துல நிண்டு பாருங்க, நீங்க அடுப்படிக்குள்ள தேத்தண்ணி போட்டு வாறதுக்குள்ள கறுப்புப் பெயின்ட இழுத்து முடிச்சிடுவாங்க. பைப் வாய் எல்லாத்தையும் தட்டு வைச்சு சுத்திவர வெல்டிங் பிடிச்சு அடைக்கச் சொல்லுங்க. நாகம் எரியிற புகைக்குக் கிட்ட மட்டும் நிக்க வேணாம், அது நெஞ்சுக்குக் கூடாது.

என்னட்டக் கேட்டா, கல்லடிக்கும் நாவலடிக்கும் நான் சொல்றது கொங்கிறீட் தூணும் மேல மரமும்தான். ஆறு இஞ்சிக்கு ஆறு இஞ்சித் தூண், ஆத்து மணல்ல, உள்ள போடுற கம்பியில இருந்து வெளிப்பக்கத்துக்கு ரெண்டு இஞ்சி கொங்கிறீட் இருக்க வேணும். கடற்கரை மணல் சும்மா கிடக்கே எண்டு அள்ளிப் போட்டீங்க எண்டா உப்பு உள்ளுக்கே போய் இருக்கும், கொஞ்ச வருசத்துல கம்பி ஊதி தூண் நீளத்துக்கு வெடிக்கும். மேல போடுற மரத்துக்கு தேக்கு இருந்தா நல்லம், இல்லாட்டி நல்லா முத்தின வேம்பு. மரத்துல கால் வைக்கிறதா இருந்தா நேரா மண்ணுக்குள்ள புதைக்காதீங்க, தரையில இருந்து அரை அடி உயரத்துக்கு கொங்கிறீட் குத்தி வைச்சு அதுல இரும்பு லாடம் போட்டு நிப்பாட்டினா கறையானுக்கு ஏறக் கஷ்டம், ஏறினாலும் மண் புத்து கண்ணுக்குத் தெரியும்.

அளவப் பத்தி ரெண்டு விசயம். உயரம் எட்டடிக்குக் குறைய வைக்காதீங்க, ஏனெண்டா போகன்விலா ஒரு அடி கீழ தொங்கும், அதுல முள்ளு வேற, வீட்டுக்கு வாற மாமா தலையக் குனிஞ்சு கொண்டுதான் வரவேணும். மற்றது மேல அடிக்கிற சட்டம் எந்தப் பக்கம் ஓடவேணும் எண்டது, இத ஒருத்தரும் யோசிக்கிறதில்ல. நம்மளுக்கு உச்சி வெயில் தலைக்கு மேல, ஆக்களை வாட்டுறது பின்னேர மேற்கு வெயில். சட்டத்த படுக்கையா அடிக்காம குத்துக்கு நிமித்தி வடக்குத் தெற்கா ஓட விடுங்க. நாலு இஞ்சி உயரமான சட்டம், நாலு இஞ்சி இடைவெளி எண்டு வைச்சா, சூரியன் பாதி உயரத்துக்கு இறங்கின உடன, அதாவது மூணு மணிக்குப் பிறகு, நேர் வெயில் ஒரு சொட்டு உள்ளுக்கு வராது, கொடியே இல்லாட்டியும். கிழக்கு மேற்கா அடிச்சா அதே மரம் அதே செலவு, பின்னேரம் முழுக்க முகத்துல வெயில் அடிக்கும்.

மறுகா ஒரு கெஞ்சல். ஒரு மழைக்கு நனைஞ்ச உடன "மேல தகரம் அடிப்பம்" எண்டு வீட்டுல ஆராவது சொல்லுவாங்க. திறந்த சட்டத்துக்குள்ளால காத்து போயிடும், தகரம் அடிச்சா அது பட்டம் மாதிரி, தூணையே பிடுங்கிக் கொண்டு போகப் பார்க்கும், நீங்க மணல்ல ரெண்டடி ஆழத்துல வைச்ச அத்திவாரம் அதுக்குக் காணாது. 1978 நவம்பர் 23, சூறாவளி அடிச்ச இரவ நான் சின்னப் பொடியனா இருந்து பார்த்தவன், விடிஞ்சு வெளியால வந்தா எங்கட வாழையில அரைவாசி காத்துல சரியல்ல, பறந்து வந்த தகரம் கத்தி மாதிரி வெட்டிட்டுப் போயிருந்திச்சு.

கடலோட உயர் நீர்மட்டத்துல இருந்து 300 மீட்டருக்குள்ள உங்கட வளவு இருந்தா அது சட்டப்படி கரையோர வலயம், புதுசா கட்ட முந்தி கரையோரம் பேணல் திணைக்களத்துலயும் மாநகரசபையிலயும் ஒருக்கா கேளுங்க. கட்டிட்டுக் கேட்கப் போனா கதை வேற.

கேள்வி (களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): மழைக்கு முத்தம் முழுக்க சேறு. 10 பேர்ச் வளவு, வீடு போக மிச்சம் எல்லாத்துக்கும் கிறவல் போட்டு உயர்த்தி இன்டர்லொக் கல்லு பதிச்சு, நடுவுல ஒரு பூச்சாடி மேடையும் வைக்க நினைக்கிறன். உங்கட அபிப்பிராயம்?

பதில்: சேர், நீங்க கணக்குப் படிப்பிச்ச ஆளோ தெரியாது, முதல்ல ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டருல ஒரு மில்லிமீட்டர் மழை எண்டா ஒரு லீட்டர் தண்ணி. 10 பேர்ச் கிட்டத்தட்ட 253 சதுர மீட்டர். மார்கழியில ஒரு நாளைக்கு 100 மில்லிமீட்டர் பெய்யிறது நம்மட பக்கத்துல புதினமில்ல, அப்ப உங்கட வளவுல மட்டும் விழுறது 25,000 லீட்டர், ஆயிரம் லீட்டர் டாங்கியில 25. இப்ப அதுல பெரிய பங்க உங்கட மணல் பேசாம குடிச்சிட்டு இரிக்கு. நீங்க எல்லாத்தையும் கல்லால மூடினா அது எங்க போகும்? ஒழுங்கைக்கு, இல்லாட்டி பக்கத்து வளவுக்கு. வளவ உயர்த்தி அடுத்த வீட்டுக்குத் தண்ணி விட்டதால வேலிக்கு ரெண்டு பக்கமும் பத்து வருசம் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிற குடும்பங்கள எனக்குத் தெரியும், நல்லது கெட்டதுக்கும் போறதில்ல.

கல்லு வேணாம் எண்டு சொல்லல்ல. நடக்கிற இடத்துக்கு மட்டும் போடுங்க, கடப்படியில இருந்து வாசலுக்கு நாலடி அகலம், வாசல்ல இருந்து கிணத்தடிக்கு மூணடி. மோட்டர்சைக்கிள் நிக்கிற இடத்துக்கு சில்லு போற ரெண்டு வரி மட்டும், நடுவுல புல்லு. பாதைய வீட்டுப் பக்கம் இருந்து வெளியால சரிய விடவேணும், அஞ்சடிக்கு ஒரு இஞ்சி சரிவு காணும், கண்ணுக்குத் தெரியாது ஆனா தண்ணிக்குத் தெரியும். கல்லுக்குக் கீழ சிமெந்துப் பூச்சு போடாம கல்லுத்தூளும் மணலும் போட்டு இடிச்சுப் பதிச்சா இடுக்கால கொஞ்சம் கீழயும் இறங்கும். ஓரக்கல்லு மட்டும் சிமெந்துல கட்டாயம் பிடிக்க வேணும், அது இல்லாட்டி முதல் மாரிக்கே வரிசை எல்லாம் விரிஞ்சு போகும்.

கூரைப் பீலியால விழுற தண்ணிக்கு வேற ஏற்பாடு, விழுற இடத்துல மூணடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி பெரிய சல்லிக்கல்லு நிரப்பி மேல கூழாங்கல்லு பரப்பி விடுங்க, பார்க்கவும் வடிவு. ஆனா மாரி நடுவுல நிலத்தடித் தண்ணி மேல வந்து நிக்கிற பள்ளமான வளவு எண்டா குழி வேலை செய்யாது, அதுக்குத் தண்ணி வடியிற கான்தான். கிணத்துக் கட்டையும் பாருங்க, கிறவல் போட்டு உயர்த்தின வீடுகள்ள கிணத்துக் கட்டு முழங்கால் அளவுக்கு வந்து வெள்ளம் நேரா உள்ளுக்குப் போறத கண்டிருக்கன்.

பூச்சாடி மேடை நல்ல யோசனை சேர். ஒண்டரை அடி உயரத்துல புளொக் கல்லால கட்டி மேல தட்டையா விடுங்க, பின்னேரம் இருக்கவும் பேரப்பிள்ளைகள் சாய்ந்து கொண்டு பாடம் சொல்லவும் உதவும்.

கேள்வி (வாழைச்சேனை, ஒரு அம்மா): மகன் கட்டார்ல இருந்து காசு அனுப்புறான், முத்தத்துல ஆறு மூலையில கெசீபோ ஒண்டு கட்டு, மேல அமானோ சீட் (கூரைத் தகரம்) போடு எண்டு நிக்கிறான். எனக்கு கிடுகுக் கொட்டில்தான் விருப்பம், அவன் அத நாட்டுப்புறம் எண்டு சிரிக்கிறான். நீங்கதான் தம்பி ஞாயம் சொல்ல வேணும்.

பதில்: அம்மா, உங்கட மகன் வேலை செய்ற ஊருல பெரிய ஹோட்டல்கள்ள ஓலைக் கூரை போட்டு அதுக்குக் கீழ இருக்கிறதுக்குத்தான் ஆக்கள் கூடக் காசு குடுக்கிற, அத அவனிட்டச் சொல்லுங்க. கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்துல பகல் ஒரு மணிக்கு சீட்டுக்குக் கீழ அஞ்சு நிமிசம் இருந்து பார்த்தவன் எவனும் சீட்டுக்கு வாதாட மாட்டான். அதே நேரம் மகன் சொல்றதுலயும் ஞாயம் இரிக்கு, மரக்கப்பு நட்ட கொட்டில் நாலு வருசத்துல சரியும், கறையான் விடாது.

ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறன். கால் நாலும் கொங்கிறீட், வளையும் கைமரமும் ஜீஐ பைப், மேல கிடுகு. அவனுக்கு எலும்புக்கூடு பலமா இருக்கும், உங்களுக்கு நிழல் குளிரா இருக்கும். கிடுகு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேண்டி வரும்தான், எலும்புக்கூட்ட தொடத் தேவையில்ல.

ஆறு மூலை வேணாம் எண்டு நான் சொல்றது கிடுகுக்காகத்தான். கிடுகு நேர் வரிசையில போற சாமான், ஆறு பக்கக் கூரை எண்டா பக்கம் சேர்ற இடத்துல ஆறு முதுகு வரும், ஆறையும் வெட்டிப் பொருத்தி மேல மூடி கட்ட வேணும், மழைக்கு ஒழுகுறது அந்த முதுகாலதான். பத்தடிக்குப் பத்தடி நாலு மூலை போதும். (அவன் ஒரேயடியா ஆறு மூலைதான் எண்டு நிண்டா கீறுற வழி இது. நடுவுல ஆப்பு அடிச்சு ஆறடிக் கயிறு கட்டி வட்டம் போடுங்க, அதே கயிற வட்டத்து விளிம்புல ஆறு தரம் அளந்து வைச்சா சரியா தொடங்கின இடத்துக்கே வந்து நிக்கும், அந்த ஆறு புள்ளிதான் தூண். நான் இத முதல்முதல்ல ஒரு ஓடாவியிட்டத்தான் பழகினன், பள்ளிக்கூடத்துல கொம்பாசோட படிச்சும் விளங்காம இருந்தது அண்டைக்குத்தான் விளங்கிச்சு.)

கூரை நல்லா செங்குத்தா வரவேணும், அகலம் பத்தடி எண்டா நடு முகடு தாவாரத்த விட நாலு, அஞ்சடி உயரத்துல. படுக்கையா விட்டா தண்ணி ஓடாம ஓலைக்குள்ள நிண்டு ஒரே மாரியில உக்கும். ஆத்துல நாலஞ்சு நாள் நல்லா ஊறப்போட்டு இழைச்ச கிடுகா பார்த்து எடுங்க, காய்ஞ்ச ஓலையில அவசரத்துக்கு இழைச்சது கெதியா நொறுங்கும். தாவாரத்துல இருந்து தொடங்கி மேல ஏறிக் கட்டவேணும், ஒண்டுக்கு மேல ஒண்டு நெருக்கி. நெருக்கம் கூடக் கூட ஆயுள் கூடும், இதுல கஞ்சத்தனம் பார்க்க வேணாம். கட்டுறதுக்கு புரட்டாசிக்கு முந்தின நாள்தான் நல்லம். குசினிக்குக் கிட்ட கட்டாதீங்க, கச்சானுக்கு காய்ஞ்ச கிடுகுல ஒரு பொறி விழுந்தா அவ்வளவுதான். கார்த்திகை விளக்கீட்டுக்கும் கொட்டிலுக்குள்ள சுட்டி வைக்காம வெளியால வைங்க.

கேள்வி (ஆரையம்பதி, ஒரு தம்பி): பழைய டயர வெட்டி அன்னம், கிளி செய்து பெயின்ட் அடிச்சு முத்தத்துல வைச்சா எப்பிடி?

பதில்: வேணாம் தம்பி.

சரி, காரணமும் சொல்றன். டயருக்குள்ள வளைஞ்ச இடத்துல நிக்கிற தண்ணிய கவிழ்த்தாலும் முழுக்க வெளியால போகாது, நுளம்புக்கு நாமளே வீடு கட்டிக் குடுக்கிற வேலை. வடிவும் இல்ல, அதுவும் சொல்லத்தானே வேணும். உங்கட அம்மம்மா வீட்டுப் பின்பக்கம் போய்ப் பாருங்க, உரல் ஒண்டு, அம்மி ஒண்டு, ஆட்டுக்கல்லு ஒண்டு கட்டாயம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல கிடக்கும். கழுவி எடுத்து வாங்க. அம்மிய பாதை தொடங்கிற இடத்துல படிக்கல்லா பதிக்கலாம். உரல் குழிக்குள்ள தண்ணி நிக்காம கூழாங்கல்லும் மண்ணும் நிரப்பி நித்தியகல்யாணி ஒண்டு வைங்க, உப்புக்காத்துக்கும் வெயிலுக்கும் அசையாது. பழைய தோணி கிடைச்சா அதுவும் நல்லம், அடியில நாலு ஓட்டை போட்டு மண் நிரப்பி வைக்கலாம். முருகைக்கல்லு மட்டும் ஆரும் விக்க வந்தா வாங்காதீங்க, கடல்ல இருந்து அத உடைச்சு எடுக்கிறது சட்டப்படி குற்றம்.

கேள்வி (சம்மாந்துறை, பெயர் போட வேணாம் எண்ட ஒருவர்): காக்கா, புள்ளைகளுக்காக முத்தத்துல சின்னக் குளம் ஒண்டு கட்டி அல்லிப்பூவும் மீனும் விட விருப்பம். மனிசி சொல்றா டெங்கு வரும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேஸ் போடுவார் எண்டு. கட்டலாமா வேணாமா?

பதில்: உங்கட மனிசி பயப்படுறது சரி, ஆனா பயப்பட வேண்டியது குளத்துக்கில்ல, குளத்த கவனிக்காம விடுறதுக்கு. மீன் உள்ள குளத்துல நுளம்புக் குடம்பி தப்பாது, கப்பி மீன் பத்துப் பதினைஞ்சு விட்டா காணும், அது தானா பெருகும், கொஞ்சம் உவர்த் தண்ணியையும் தாங்கும். பிஎச்ஐமார் கண்டுபிடிக்கிறது கூட என்னெண்டா குளத்துக்குப் பக்கத்துல கிடக்கிற சிரட்டை, குரும்பை, பூச்சாடிக்குக் கீழ வைச்ச தட்டு, வேலிக்கு நட்ட மூங்கில் குத்தியோட வாய். மூங்கில் வாய்க்கு மணல் நிரப்பி சிமெந்து வைங்க. பூச்சாடித் தட்டையும் குருவி தண்ணி குடிக்க வைக்கிற சட்டியையும் கிழமைக்கு ஒருக்கா தண்ணிய ஊத்தினா மட்டும் காணாது, உள்பக்கத்த தேங்காய்த் தும்பால தேய்க்க வேணும், ஏனெண்டா டெங்கு நுளம்பு முட்டைய தண்ணிக்கு மேல ஓரத்துலதான் ஒட்டும், அது காய்ஞ்சு மாசக்கணக்கா இருந்தாலும் மறுபடி தண்ணி பட்டா பொரிக்கும். முட்டையில இருந்து நுளம்பாகிப் பறக்க ஏழு, பத்து நாள்தான், கிழமைக்கு ஒருக்கா எண்டு சொல்றது அதாலதான்.

குளம் ஆறடிக்கு நாலடி, ஆழம் ரெண்டடி எண்டு வைங்க, 1,350 லீட்டர் அளவுக்குப் பிடிக்கும். மரத்துக்குக் கீழ வேணாம், இலை விழுந்து நாறும், அல்லிக்கும் ஒரு நாளைக்கு அஞ்சாறு மணித்தியாலம் வெயில் வேணும். புதுச் சிமெந்துத் தண்ணியில மீன் செத்துப் போகும், வாழைக் குத்திய துண்டு துண்டா வெட்டி உள்ள போட்டு ரெண்டு கிழமை ஊறவிட்டு, தண்ணிய மூணு நாலு தரம் மாத்திப் பிறகு மீன் விடுங்க. அல்லிக் கிழங்க குளத்துத் தரையில நடாம வாயகன்ற சட்டியில களிமண் போட்டு நட்டு இறக்குங்க, இல்லாட்டி ஒரு வருசத்துல குளமே தெரியாது. ஆத்துல மிதக்கிற ஆற்றுவாழை ஊதாப்பூவுல வடிவா இரிக்கு எண்டு கொண்டு வந்து விடுறவங்களும் இரிக்காங்க, தயவு செய்து வேணாம், அது விரிஞ்சா நிக்காது, மழை வெள்ளத்துல உங்கட குளத்துல இருந்து வாய்க்காலுக்கும் போகும்.

நடக்கப் பழகிற புள்ள வீட்டுல இருந்தா இன்னும் ரெண்டு வருசம் பொறுங்க, அல்லது தண்ணி மட்டத்துக்கு ரெண்டு இஞ்சி கீழ கம்பி வலைச் சட்டம் ஒண்டு போடுங்க, புள்ளைட பாரம் தாங்கிற மொத்தக் கம்பியில. ரெண்டடித் தண்ணி நமக்கு முழங்கால், புள்ளைக்கு அப்பிடியில்ல.

கேள்வி (காத்தான்குடி, ஒரு சகோதரி): நாலு பேர்ச் காணி, முத்தம் எண்டு சொல்றதுக்கு ஆறடிக்குப் பதினெட்டடிதான். சுத்தி மதில். நாநா, எங்களுக்கும் தோட்டம் வைக்க ஏலுமா?

பதில்: ஏலும் தங்கச்சி, தரையில இடமில்லாட்டி மதில்தான் உங்கட வளவு. மேற்குப் பக்கம் பார்த்த மதில் பின்னேரம் முழுக்க சூடு குடிச்சு வைச்சு இரவு ஒம்பது மணிக்கும் வீட்டுக்குள்ள விடும், அதுக்கு முன்னால கொடி ஏறினா தோட்டத்துக்குத் தோட்டம், குளிருக்குக் குளிர். மதில்ல இருந்து மூணு இஞ்சி தள்ளி மரச்சட்டம் அடிச்சு அதுல கம்பி வலை கட்டுங்க, ஒட்டி அடிச்சா காத்து போகாம மதில் ஈரம் பிடிக்கும், பல்லியும் பூரானும் குடியிருக்கும். பெஷன் புரூட் ஒரே கொடி பதினெட்டடியையும் மூடும். நிலத்துல ஒரு முழம் விட்டு மிச்சத்த கல்லுப் பதிங்க, அந்த ஒரு முழத்துல கொடி வேர் போக கறிவேப்பிலை ஒண்டு, ரம்பை ஒண்டு. பந்தல்ல புடோல் தொங்கவிட்டா காய்க்கு நுனியில சின்னக் கல்லு கட்ட மறக்க வேணாம், நேரா வளரும், புள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு.

கேள்வி (படுவான்கரை, வெல்லாவெளிப் பக்கம்): வாசலுக்கு வளைவு ஒண்டு வைச்சு ரெண்டு பக்கமும் கதலி வாழை வரிசையா வைக்க யோசிக்கிறன்.

பதில்: யானை வாற பக்கத்துல வாழை வரிசை வைக்கிறது விருந்துக்கு கார்ட் அடிச்சு அனுப்புற மாதிரி அண்ணன். வாழை, கரும்பு, தென்னம்பிள்ளை எதையும் வேலி ஓரத்துல வைக்காதீங்க, இருந்தா வீட்டுக்குப் பின்னால உள்பக்கம் தள்ளி. வளைவுக்கு மல்லிகையோ போகன்விலாவோ ஏத்துங்க, ஓரத்துக்கு தேசி (எலுமிச்சை) வைங்க, யானை தேசிய விரும்பித் தின்னுறதில்ல. ஆனா தேசி வைச்சா யானை வராது எண்டு நான் சொன்னதா ஆருக்கும் சொல்ல வேணாம். அறைக்குள்ள நெல்லு மூட்டை அடுக்கி வைச்சிருந்தா அந்த மணத்துக்கே வந்து சுவர இடிக்கும், வளைவு என்ன செய்யும் பாவம்.

கேள்வி (திருக்கோவில், ஒரு அக்கா): ஒன்லைன்ல எடுத்த சோலார் லைட் பன்னிரண்டுல ஏழு, ஒரு மாரியோட செத்துட்டு. வேற நல்ல லைட் இரிக்கா? முத்தம் முழுக்க பகல் மாதிரி வெளிச்சம் வேணும்.

பதில்: அக்கா, செத்ததுகள எறிய முந்தி ஒரு ஸ்க்ரூ டிரைவரால கழட்டிப் பாருங்க. உள்ள இருக்கிறது ரிமோட்டுக்குப் போடுற அளவு சார்ஜ் பண்ற பெட்டரி ஒண்டுதான் அனேகமா, அதத்தான் முதல்ல மாத்திப் பார்க்க வேணும், முனை பச்சை பிடிச்சிருந்தா சுரண்டிட்டு புதுசு போட்டா பாதிக்கு மேல திரும்பி எரியும். மேல இருக்கிற கண்ணாடியில உப்பும் தூசும் படிஞ்சிருக்கும், உங்கட பக்கத்துல கிழமைக்கு ஒருக்கா ஈரத் துணியால துடைக்காட்டி பகல்ல சார்ஜே ஏறாது. சாதாரணமா ரீசார்ஜ் ஆகாத பெட்டரியப் போட்டுடாதீங்க, அது ஊதி ஒழுகும்.

பகல் மாதிரி வெளிச்சம் எதுக்கு? படி இருக்கிற இடம், பாதை கிறுகிற இடம், கிணத்தடி, கடப்பு, இந்த நாலுக்கும் முழங்கால் உயரத்துல மஞ்சள் லைட் கீழ பார்க்கிற மாதிரி வைச்சா காணும். வெள்ளை லைட்டுக்கு வயல் பக்கத்துப் பூச்சி எல்லாம் வரும், வெட்டு காலத்துல சோத்துக் கோப்பைக்குள்ளயே விழும், மஞ்சளுக்கு அவ்வளவு வராது. இன்னொண்டு, உங்கட வீட்டு வெளிச்சம் கடற்கரையில இருந்து தெரியிற மாதிரி வைக்காதீங்க. பொரிச்சு வாற ஆமைக்குஞ்சு இரவுல வெளிச்சமான பக்கத்தத்தான் கடல் எண்டு நினைச்சு நடக்கும், லைட்டப் பார்த்து ரோட்டுக்கு ஏறினா விடியமுந்தி நாயும் காகமும் முடிச்சிடும். கடல் பக்கத்துக்கு பூவரசோ அலரியோ நெருக்கி வைச்சா வெளிச்சமும் மறையும், உப்புக்காத்தும் குறையும். அலரி பால் நஞ்சு, ஆடு மாடு கட்டுற பக்கம் வைக்க வேணாம், பூவரசு எண்டா பயமில்ல.

அடுத்த மாசத்துக்குக் கேட்கிற ஆக்களுக்கு: வெறும் போட்டோ அனுப்பி "இதுல என்ன செய்யலாம்" எண்டு கேட்டா என்னால பதில் எழுத ஏலாது. கொப்பித் தாள் ஒண்டுல வளவக் கீறி, நீள அகலம் அடியில போட்டு, வடக்கு எந்தப் பக்கம், கிணறு எங்க, மலசலகூடக் குழி எங்க, கரண்ட் வயர் எதுக்கு மேலால போகுது, மழைக்குத் தண்ணி எந்த மூலையில எத்தின நாள் நிக்கும், இவ்வளவையும் குறிச்சு அனுப்புங்க. கீறத் தெரியாட்டி பரவாயில்ல, கோணலா இருந்தாலும் எனக்கு விளங்கும்.